முதலீட்டுக்கு வீடு வாங்கும்போது எந்தத் தரகர்? கூலி வரும் வழியைப் பார்த்து ஓர் ஒப்பீடு

குடியிருக்க வீடு தேடுபவருக்குப் பொருந்தும் தரகர், வாடகைக்கு விட வீடு தேடுபவருக்குப் பொருந்துவார் என்று சொல்ல முடியாது. குடியிருக்க வாங்குபவருக்கு வீடு பிடித்துப்போனால் பாதி வேலை முடிந்தது. முதலீட்டாளருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. உண்மையில் என்ன வாடகை வரும், வருடத்தில் எத்தனை வாரம் காலியாகக் கிடக்கும், கூரையும் குழாய்களும் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், பிறகு விற்க நினைத்தால் வாங்க ஆள் வருமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். இவற்றில் எதற்குத் தவறான பதில் சொன்னாலும் தரகருக்கு நட்டமில்லை. பத்திரம் பதிவானதும் அவருடைய கமிஷன் கைக்கு வந்துவிடும். நட்டம் மாதாமாதம் உங்கள் கணக்கில் ஏறும்.

நம்பகமான தரகரைத் தேடும்போது பெரும்பாலோர் ஆளின் குணத்தை எடைபோடப் பார்க்கிறார்கள். பேச்சு நன்றாக இருக்கிறதா, தெரிந்தவர் சொன்னாரா, அலுவலகம் பெரிதா என்று பார்க்கிறார்கள். அரைமணி நேரப் பேச்சில் ஒருவரின் குணத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அவருக்குக் கூலி யார் கொடுக்கிறார், எப்போது கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்பதைப் பத்து நிமிடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இக்கட்டு வரும்போது அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை அந்தப் பதில் முன்கூட்டியே காட்டிவிடும். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

கமிஷன் எந்தப் பக்கம் இழுக்கிறது

வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். தரகருக்கு 2 சதவீதம். உங்களுக்காக அவர் கறாராகப் பேரம் பேசி விலையை 95க்குக் கொண்டுவந்தால் உங்களுக்கு மிச்சம் 5. அவருக்குக் குறைவது 0.1 மட்டுமே. ஆனால் அந்தப் பேரத்துக்கு அவர் இன்னும் மூன்று வாரம் அலைய வேண்டியிருக்கும், நடுவில் வியாபாரமே முறிந்தும் போகலாம். முறிந்தால் அவர் இழப்பது முழு 2. ஆகவே சதவீதக் கமிஷன், விலையை ஏற்றிவிடத் தூண்டுவதைக் காட்டிலும் எப்படியாவது சீக்கிரம் முடித்துவிடத்தான் அதிகம் தூண்டுகிறது. "இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள், கைவிட்டுப் போய்விடும்" என்று உங்கள் தரகரே கடைசிக் கட்டத்தில் சொல்வதை இந்தக் கணக்கோடு சேர்த்துக் கேளுங்கள். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருடைய கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறத்தாழ 1 லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அதேபோன்ற வாடிக்கையாளர் வீட்டை விற்பதைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்தார்கள், 3.7 சதவீதம் கூடுதல் விலையும் பெற்றார்கள். தன் பணம் என்றால் பொறுமை வருகிறது, பிறர் பணம் என்றால் குறைகிறது. அது விற்பனைப் பக்கத்தைப் பற்றிய ஆய்வுதான் என்றாலும், வாங்கும் பக்கத்திலும் கூலி அதே முறையில்தான் வருகிறது. முதலீட்டாளருக்கு வேண்டியது அந்தப் பொறுமைதான். எந்த வகைத் தரகர் உங்கள் பொறுமைக்குத் தண்டம் கட்டாமல் இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

விற்பவரின் தரகரிடம் நேராகப் போவது

விளம்பரத்தில் எண் போட்டிருப்பவர் இவர்தான். விற்பவர் ஏன் விற்கிறார், வீடு எத்தனை நாளாகச் சந்தையில் கிடக்கிறது, இதுவரை யார் என்ன விலை கேட்டார்கள் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். நடுவில் இன்னொருவர் இல்லாததால் பேச்சு வேகமாக நடக்கும். வாங்கும் பக்கத்துக் கமிஷன் என்று ஒன்று இல்லாமல்போவதால் விலையைக் குறைக்கவும் சிறிது இடம் கிடைக்கும்.

அவர் கடமைப்பட்டிருப்பது விற்பவருக்கு. நீங்கள் வாய்தவறிச் சொல்வதை எல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய தொழில் நேர்மை. அதைத் துரோகம் என்று சொல்ல முடியாது. எனவே சில விஷயங்களை அவரிடம் சொல்லவே கூடாது. அதிகபட்சம் எவ்வளவு போவீர்கள், வங்கி எவ்வளவு கடன் ஒப்புதல் தந்திருக்கிறது, எந்தத் தேதிக்குள் வாங்கியாக வேண்டும், இதற்கு முன் எந்த வீட்டைத் தவறவிட்டீர்கள் என்பவை அவை. சொல்ல வேண்டியவையும் உண்டு. பணம் தயாராக இருப்பதற்கான சான்று, எத்தனை நாளில் கிரயம் முடிக்க முடியும், உங்கள் நிபந்தனைகள் எவை என்பதைத் தயங்காமல் சொல்லலாம். உங்கள் கைக்குப் பலம் சேர்ப்பவை அவை.

அவரிடமிருந்து பெற வேண்டியதை எழுத்தில் பெறுங்கள். நீர்க்கசிவு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு, சங்கப் பராமரிப்பு நிலுவை, இப்போது குடியிருப்பவரோடு ஏதேனும் தகராறு, இந்த நான்கைப் பற்றியும் அவருக்குத் தெரிந்ததை மின்னஞ்சலில் கேளுங்கள். பல நாடுகளில் விற்பவரின் தரகரும் தெரிந்த குறையைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. கேட்காததைத் தானாக முன்வந்து எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும். அதனால் கேள்வி எவ்வளவு துல்லியமோ அவ்வளவு உங்களுக்கு நல்லது. "வீடு எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும்.

இரு தரப்புக்கும் ஒரே ஆள்

இந்த ஏற்பாட்டில்தான் அதிகப் பணம் போகிறது. விற்பவர் எந்த விலைவரை இறங்குவார் என்பதும், நீங்கள் எந்த விலைவரை ஏறுவீர்கள் என்பதும் ஒரே ஆளுக்குத் தெரியும். விற்பவரின் அடிவிலை 92, உங்கள் உச்சவிலை 100 என்றால், நடுவில் இருக்கும் 8 யாருக்குப் போகும் என்பதை அவர் தீர்மானிக்கிறார். இரண்டு பக்கமும் கமிஷன் வருவதால் முடித்துவிடும் ஆசையும் இரட்டிப்பாகிறது. சிங்கப்பூரில் ஒரே முகவர் ஒரே பரிவர்த்தனையில் இரு தரப்புக்கும் செயல்படுவது சட்டப்படி தடை. வேறு பல இடங்களில் இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் அனுமதி உண்டு. அனுமதி இருக்கிறது என்பதால் அது உங்களுக்கு நல்லது என்று ஆகிவிடாது.

இதன் மோசமான வடிவம், விலைமேல் வைத்து விற்பது. விற்பவரிடம் "உங்களுக்கு 90 வந்தால் போதும் அல்லவா" என்று பேசிவிட்டு, உங்களிடம் 100 சொல்லி, இடையில் உள்ள 10ஐத் தரகர் எடுத்துக்கொள்வார். இதில் கமிஷன் குறைவு என்றோ இல்லை என்றோகூட உங்களிடம் சொல்வார்கள். கண்டுபிடிக்கும் வழி எளிது. முன்பணம் தருவதற்கு முன் ஒருமுறையாவது விற்பவரை, அல்லது அவரிடமிருந்து முறையான அதிகாரம் பெற்றவரை, நேரில் சந்தித்து விலையை அவர் வாயால் கேளுங்கள். ஒப்பந்தத்தில் யாருக்கு யார் எவ்வளவு தருகிறார்கள் என்பதை எல்லாத் தரப்புக்கும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். "விற்பவருக்கு யாரையும் பார்க்கப் பிடிக்காது", "அவர் வெளியூரில் இருக்கிறார், எல்லாம் நான்தான்" என்று இரண்டு தடவைக்கு மேல் பதில் வந்தால் அந்த வீட்டை விட்டுவிடலாம்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு ஊழியர்கள், ஒருவர் விற்பவருக்கு, மற்றவர் உங்களுக்கு என்று பிரித்துத் தரும் ஏற்பாடும் உண்டு. ஒரே ஆள் என்பதைவிட இது மேல். இருந்தாலும் இருவருக்கும் மேலாளர் ஒருவரே, இலக்கும் ஒன்றே. பேரம் கடுமையாக இருக்க வேண்டிய இடத்தில் இதை நம்பி இறங்க வேண்டாம்.

வாங்குபவருக்கு மட்டும் வேலை செய்பவர்

விற்பனைக்கு எந்த வீட்டையும் கையில் வைத்துக்கொள்ளாமல், வாங்குபவருக்காக மட்டும் தேடுபவர் இவர். காகிதத்தில் பார்த்தால் முதலீட்டாளருக்கு ஏற்ற ஏற்பாடு இதுதான். அவருடைய கூலி எங்கிருந்து வருகிறது என்பதை இங்கேயும் கேட்டே ஆக வேண்டும். "உங்களுக்கு இலவசம், விற்பவர் பக்கத்திலிருந்து எனக்கு வந்துவிடும்" என்றால், எந்த விற்பவர் அதிகம் தருகிறாரோ அந்த வீடு உங்களுக்கு முதலில் காட்டப்படும் அபாயம் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வழக்கம் நீதிமன்றம்வரை போய், 2024 ஆகஸ்ட் 17 முதல் விதி மாறியது. தரகர்களின் பொதுப் பட்டியலில் வாங்கும் பக்கத் தரகருக்கு இவ்வளவு என்று விளம்பரம் செய்யக் கூடாது. அந்தப் பட்டியலைப் பயன்படுத்தும் தரகர், வாங்குபவரோடு கூலியைக் குறிப்பிட்ட எழுத்து ஒப்பந்தம் போட்ட பிறகே வீடு காட்ட வேண்டும். உங்கள் நாட்டில் சட்டம் கேட்கிறதோ இல்லையோ, அந்த ஒப்பந்தத்தை நீங்களாகவே கேட்டு வாங்குங்கள்.

கூலியை மூன்று விதமாக அமைக்கலாம். விலையில் சதவீதம் என்பது பழக்கமானது, அதன் இழுப்பை மேலே பார்த்தோம். பேரத்தில் மிச்சப்படுத்தியதில் பங்கு என்பது கேட்க அருமையாக இருக்கும், ஆனால் எதிலிருந்து மிச்சம் என்ற கேள்வியில் எல்லாம் கெட்டுவிடும். 120 என்று சொல்லப்பட்ட விலையை 105க்குக் குறைத்துவிட்டு 15க்குப் பங்கு கேட்பார். வீட்டின் உண்மை மதிப்பு 100 ஆக இருக்கும். இந்த முறையில் போவதென்றால் அடிப்படை விலை, தரகரோடு தொடர்பில்லாத மதிப்பீட்டாளர் எழுதித் தந்ததாக இருக்க வேண்டும்.

மூன்றாவது நிலையான தொகை. முதலீட்டாளருக்கு இதையே பரிந்துரைக்கிறோம், அதுவும் தவணையாக. ஒப்பந்தம் போடும்போது கால்பங்கு, கிரயம் முடிந்ததும் மீதி. கூடவே, ஆய்வெல்லாம் முடித்து "இதை வாங்காதீர்கள்" என்று காரணத்தோடு எழுதித் தந்தால் அதற்கும் ஒரு சிறு தொகை. பலருக்கு இந்தக் கடைசிப் பகுதி விசித்திரமாகப் படும், "வாங்காததற்கு ஏன் பணம்?" என்பார்கள். மோசமான வீட்டைத் தடுத்து நிறுத்தும் வேலைக்குக் கூலியே இல்லை என்றால் அந்த வேலையை எவரும் செய்யமாட்டார்கள். முதலீட்டில் நல்ல தரகரின் பெரிய பயன் அந்த வேலைதான்.

இந்த வகையின் குறை, செலவு. சிறிய வீட்டுக்கு நிலையான தொகை விகிதத்தில் கனமாகிவிடும். விலையில் 3 சதவீதத்துக்கு மேல் போகிறதென்றால், விற்பவரின் தரகரிடம் நேராகப் போய், அந்தப் பணத்தைச் சுதந்திரமான மதிப்பீட்டாளர், கட்டடப் பொறியாளர், வழக்கறிஞர் மூவருக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் நல்லது என்பது எங்கள் கணிப்பு.

தானும் முதலீடு செய்யும் தரகர்

வாடகை, காலி மாதம், பழுதுச் செலவு எல்லாம் இவர் தன் கையால் பட்டு அறிந்தவர். அழகான சமையலறையைக் காட்டி மயக்கமாட்டார். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து காட்டுவார். சிக்கல் ஒன்றுதான். நல்ல வீடு கண்ணில் பட்டால் அதை முதலில் யார் வாங்குவார்? தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதை உங்களிடம் தள்ளுகிறாரா?

நேராகவே கேட்கலாம்: கடந்த இரண்டு ஆண்டில் நீங்கள் உங்களுக்காக வாங்கியவை எவை, அவற்றை வாடிக்கையாளரிடம் முதலில் காட்டினீர்களா? ஒழுங்காகத் தொழில் செய்பவருக்கு இதற்கென ஒரு விதி இருக்கும். வாடிக்கையாளர் கேட்ட வகையில் வருவதை வாடிக்கையாளருக்கே முதலில் காட்டுவது, தனக்கு வேறு பகுதியிலோ வேறு வகையிலோ மட்டும் வாங்குவது என்று ஏதாவது ஒன்று. தயங்கினாலோ சினந்தாலோ பதில் கிடைத்துவிட்டது. விற்கப்படும் வீட்டில் தரகருக்கோ அவர் உறவினருக்கோ பங்கு இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று பிரிட்டனின் 1979ஆம் ஆண்டு முகவர் சட்டம் 21ஆம் பிரிவில் கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் ஒரே ஒரு வரியில் இதை எழுதி வாங்கலாம்.

வாடகை நிர்வாகமும் செய்பவர், கட்டுநரின் விற்பனையாளர்

வாடகை நிர்வாகம் செய்பவருக்கு வாடகையின் உண்மை நிலவரம் தெரியும். எந்தத் தெருவில் வீடு ஒரு வாரத்தில் நிறைகிறது, எந்தக் கட்டடத்தில் குடித்தனக்காரர் ஆறு மாதத்தில் ஓடிவிடுகிறார் என்று சொல்லக்கூடியவர் இவர் மட்டுமே. ஆனால் விற்கும் கமிஷனும் இவருக்கே, பிறகு வரும் மாதாந்திர நிர்வாகக் கட்டணமும் இவருக்கே என்றால், நீங்கள் வாங்காமல் போவது அவருக்கு இரட்டை இழப்பு. தன் நிர்வாகத்தில் இருந்து தலைவலி கொடுத்த வீட்டையே உங்களுக்கு விற்கவும் கூடும். எங்கள் யோசனை: இவரைத் தரகராக வைக்காமல் ஆலோசகராக வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து, வாங்க நினைக்கும் வீட்டின் வாடகை மதிப்பீட்டை மட்டும் கேளுங்கள். இந்த முதலீட்டில் இதைப்போல் குறைந்த செலவில் நிறையப் பலன் தரும் செலவு வேறில்லை.

கட்டுநரின் விற்பனையாளரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர் அந்தத் திட்டத்தை விற்க மட்டுமே அமர்த்தப்பட்டவர்; பக்கத்துக் கட்டடம் மலிவு என்று ஒருநாளும் சொல்லமாட்டார். வெளியிலிருந்து வந்து உங்களை அங்கே அழைத்துப்போகும் தரகருக்கும் கட்டுநர் கமிஷன் தருகிறார் என்பதை நினைவில் வையுங்கள். "இரண்டு ஆண்டுக்கு வாடகை உத்தரவாதம்" என்றால் அந்த வாடகை பெரும்பாலும் வீட்டின் விலையிலேயே ஏற்றப்பட்ட உங்கள் பணம்தான். உத்தரவாதம் முடியும் மாதத்தில் உண்மை வாடகை தெரியவரும், அப்போது விற்க முயன்றால் மறுவிற்பனை விலையும் தெரியவரும்.

வருவாய்க் கணக்கில் தரகரைச் சோதிப்பது

"எட்டு சதவீதம் வருகிறது" என்று ஒரு தரகர் சொன்னால், அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். விலை 100, ஆண்டு வாடகை 8, அவ்வளவுதான் கணக்கு என்றால் அது மொத்த வருவாய். அதைக் கையில் நிற்கும் தொகையாக மாற்றிப் பார்ப்போம். வருடத்தில் ஒரு மாதம் காலி என்றால் 8இல் 0.67 போய் 7.33. வசூலான வாடகையில் 8 சதவீதம் நிர்வாகக் கட்டணம் என்றால் 0.59. பழுதுக்கு முழு வாடகையில் பத்தில் ஒன்று, 0.8. வரி, காப்பீடு இரண்டும் சேர்த்து 0.7 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 5.24. இனி முதலீடு 100 அல்ல. பதிவுச் செலவு, சட்டச் செலவு, தரகு எல்லாம் சேர்ந்து 108 ஆகியிருக்கும். 5.24ஐ 108ஆல் வகுத்தால் 4.85 சதவீதம். கடன் வட்டி 6 என்றால் கடன் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் உங்களைப் பின்னுக்கு இழுக்கிறது.

விகிதங்கள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊரின் எண்களைப் போட்டு இதே வரிசையில் கணக்கிட்டுத் தரச் சொன்னால் தரகர் என்ன செய்கிறார் என்பதே சோதனை. முதலீட்டாளரோடு பழகியவர் அன்று மாலையே அனுப்பிவிடுவார். காலி மாதத்தையும் பழுதையும் தானாகவே சேர்த்திருப்பார். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், இடத்தின் மதிப்பு ஏறும்" என்று பேச்சை மாற்றுபவர் குடியிருக்க வாங்குவோருக்கான தரகர். அவரிடம் தவறு இல்லை, உங்கள் வேலைக்கு அவர் ஆளில்லை.

இன்னொரு சோதனை, முன்பே விடை தெரிந்த கேள்வி. உங்களுக்கு உண்மை வாடகை தெரிந்த ஒரு வீட்டை, உங்களுடையதாகவோ உறவினருடையதாகவோ இருக்கலாம், வாங்க நினைப்பதுபோல் சொல்லி என்ன வாடகை வரும் என்று கேளுங்கள். 5 சதவீதத்துக்குள் சொன்னால் சந்தை தெரிந்தவர். 15 சதவீதம் ஏற்றிச் சொன்னால், அடுத்து அவர் காட்டும் எல்லா வீட்டிலும் அதே ஏற்றம் இருக்கும்.

ஒப்பிடும் விற்பனைகளையும் கேளுங்கள். கடந்த ஆறு மாதத்தில் அருகில் உண்மையாக விற்று முடிந்த மூன்று வீடுகள் வேண்டும். விளம்பர விலைகள் வேண்டாம், அவை விற்பவரின் ஆசை மட்டுமே. மூன்றும் உங்களிடம் கேட்கப்படும் விலையைவிட அதிகமாகவே இருந்தால், குறைந்த விலைக்கு விற்றவை வடிகட்டப்பட்டிருக்கலாம். பதிவு விவரங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியும் இடங்களில் நீங்களே ஒன்றிரண்டைச் சரிபாருங்கள்.

கடைசியாக, அவர் காட்டிய வீட்டையே வாங்கக் கூடாது என்பதற்கு மூன்று காரணம் கேளுங்கள். வெளிப்படையாகச் சொல்பவரோடு தொடர்ந்து பேசலாம்.

பழைய வாடிக்கையாளர், உரிமம், பரிந்துரை

உரிமமோ பதிவோ கட்டாயமான நாடுகளில் அதைப் பொதுப் பதிவேட்டில் பெயரும் எண்ணும் பொருந்தத் தேடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட கட்டுமானத் திட்டங்களில் விற்றுத் தரும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இருப்பது, புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது என்பதற்கான சான்று. அவர் திறமைசாலி என்பதற்கு அது சான்றாகாது.

பழைய வாடிக்கையாளர் மூவரின் எண்ணைக் கேட்கும்போது யார் யார் வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். ஒருவர் வாங்கி இரண்டு ஆண்டு ஆனவராக இருக்க வேண்டும், அப்போதுதான் சொன்ன வாடகை வந்ததா என்று தெரியும். ஒருவர் பாதியில் வியாபாரம் முறிந்தவராக இருக்க வேண்டும், முன்பணம் எப்படித் திரும்ப வந்தது என்பதை அவரிடம்தான் கேட்க முடியும். ஒருவர் இரண்டாவது முறையும் இவரிடமே வந்தவர். போன மாதம் வாங்கிய மூவரின் எண்ணைக் கொடுத்தால் பயனில்லை. புது வீட்டு மகிழ்ச்சியில் எல்லோரும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள்.

தெரிந்தவர் ஒருவர் தரகரைப் பரிந்துரைத்தால் அதற்கு அவருக்கு ஏதாவது வருகிறதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். தரகர் தன் கடன் முகவரையும், தன் வழக்கறிஞரையும், தன் கட்டட ஆய்வாளரையும் ஒன்றாகக் கொண்டுவந்தால், குறைந்தது வழக்கறிஞரையும் ஆய்வாளரையும் நீங்களே வெளியிலிருந்து அமர்த்துங்கள். தரகரின் வேலையைச் சரிபார்க்க வேண்டியவர்கள் இவர்கள் இருவரும். அடுத்த வேலையும் அவரிடமிருந்தே வர வேண்டும் என்றால் வில்லங்கத்தையோ விரிசலையோ பெரிதாக எழுதமாட்டார்கள்.

எழுத வேண்டியவை

வேறு தரகரிடம் போவதில்லை என்று ஒருவரை மட்டும் அமர்த்துவதானால் காலம் 60 முதல் 90 நாள் போதும். எந்தப் பகுதி, எந்த வகை வீடு என்று வரையறுத்துவிடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் நீங்களே வேறெங்கோ கண்டுபிடித்த வீட்டுக்கும் தரகு கேட்க வழி இருக்கும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர் காட்டிய வீட்டை வாங்கினால் தரகு உண்டு என்ற பிரிவு பொதுவாக இருக்கும், அது நியாயமும்கூட. ஆனால் காட்டிய வீடுகளின் பட்டியலை முகவரியோடு, ஒப்பந்தம் முடிந்த ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்றும், அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டுமே பொருந்தும் என்றும் சேருங்கள். ஏழு நாள் அறிவிப்பில் இரு தரப்பும் விலகலாம், விற்பவர் உட்பட வேறு யாரிடமிருந்து எது வந்தாலும் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் விட்டுவிடாதீர்கள்.

முன்பணம் ஒருபோதும் தரகரின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. மூன்றாம் தரப்புக் காப்புக் கணக்கு, வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்கு, இவை இல்லாத இடத்தில் ரசீதோடு விற்பவரின் வங்கிக் கணக்கு. கணக்கு எண் மாறிவிட்டது என்று கடைசி நேரத்தில் மின்னஞ்சல் வந்தால், உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அழைத்து உறுதி செய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம். மின்னஞ்சலைத் திருடிக் கணக்கு எண்ணை மாற்றும் மோசடி வீட்டு வியாபாரத்தில் பல நாடுகளில் நடந்துவருகிறது.

யாருக்கு யார்

தெரியாத ஊரில் முதல் முறை வாங்குபவருக்கு, நிலையான தொகை வாங்கும் தனித் தரகரும் (வாங்குபவருக்கு மட்டும் வேலை செய்பவர்), வாடகை மதிப்பீட்டுக்குத் தனியாக ஒரு நிர்வாகியும். செலவு கூடும், முதல் வீட்டில் ஏற்படும் தவறு அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். தூரத்தில் இருந்து, பார்க்காமலே வாங்குபவருக்கும் இதேதான். அவர்கள் கட்டுநரின் விற்பனை நிகழ்ச்சிகளில் கையெழுத்துப் போடாமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

பழகிய பகுதியில் இரண்டாவது, மூன்றாவது வீடு வாங்குபவருக்குத் தனித் தரகர் அவசியமில்லை. விற்பவர்களின் தரகர்கள் நான்கைந்து பேரிடம் உங்கள் தேவையை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து, சொன்ன சொல்லுக்குச் சொன்ன நாளில் பணம் கட்டுபவர் என்று பெயர் எடுத்துவிட்டால், விளம்பரத்துக்குப் போகும் முன்பே அழைப்பு வரும். வருடத்துக்கு இரண்டு மூன்று என்று தொடர்ந்து வாங்கப்போகிறவருக்கு, தானும் முதலீடு செய்யும் தரகர் பொருந்துவார். உங்களுக்கு முதலில் காட்டுவது என்ற விதி மட்டும் எழுத்தில் இருக்கட்டும். இரு தரப்புக்கும் ஒரே ஆள் என்ற ஏற்பாட்டை எந்த முதலீட்டாளருக்கும் நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். வேறு வழியே இல்லாத சிற்றூரில் அப்படி அமைந்தால், பேரத்தை உங்கள் வழக்கறிஞர் மூலம் மட்டுமே நடத்துங்கள், உச்சவிலையைத் தரகரிடம் சொல்லாதீர்கள்.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும், வாங்கும் நாளில் அவர் சொன்ன வாடகை, காலி நாள், பழுதுச் செலவு மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வைத்துவிடுங்கள். பன்னிரண்டு மாதம் கழித்து உண்மை எண்களைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் அடுத்த வீட்டுக்கும் அவரையே அழைக்கலாம். அதற்கு மேல் போனால் அந்தத் தாளை அவரிடம் காட்டிக் காரணம் கேளுங்கள். அவர் தன் கணிப்பை எங்கே தவறவிட்டார் என்று எண்ணோடு விளக்குகிறாரா, சந்தையின்மேல் பழியைப் போடுகிறாரா என்பதைப் பார்த்து இரண்டாவது ஒப்பந்தத்தை முடிவு செய்யலாம்.